வாஷ்பேசின் கேபினட் பொருத்த எந்தக் கருவிகள் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளியலறையில் வாஷ்பேசினைத் தாங்கி நிற்கும் கேபினட்டைப் பொருத்த வீட்டில் கிடக்கும் திருப்புளியும் சுத்தியலும் போதும் என்று பலர் தொடங்கிவிடுகிறார்கள். பாதி வேலையில் டைல்ஸ் விரிசல் விடும். இல்லையென்றால் பேசினுக்கு அடியில் இருக்கும் நட்டுக்கு ஸ்பேனர் எட்டாது. இன்னும் சிலர் பெரிய கருவிப் பெட்டியையே வாங்கிவிட்டு அதில் நாலைந்தை மட்டும் பயன்படுத்துகிறார்கள். கருவியை முடிவு செய்வது பெரும்பாலும் கேபினட் அல்ல, அதன் பின்னால் இருக்கும் சுவர்தான். கீழே உள்ள பதில்களும் சுவரிலிருந்தே தொடங்குகின்றன.

கடைக்குப் போகும் முன் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

மூன்று விஷயங்கள். சுவர் எதனால் கட்டப்பட்டது? அதன்மேல் ஒட்டியிருக்கும் டைல்ஸ் என்ன வகை? கேபினட் தரையில் நிற்குமா, சுவரில் தொங்குமா?

சுவரைக் கண்டுபிடிக்கத் தட்டிப் பார்ப்பது மட்டும் போதாது, ஏனென்றால் பசை சரியாகப் பரவாத டைல்ஸும் வெற்றொலிதான் தரும். கேபினட் வந்து மறைத்துவிடும் இடத்தில் ஒரு சிறிய சோதனைத் துளை போட்டு, வெளியே வரும் தூளைப் பாருங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் மாவாக வந்து, மெஷின் முன்னேற மறுத்தால் கான்கிரீட். வெளிர் நிறத்தில் லேசான தூள் பொலபொலவென்று கொட்டி, பிட் (மெஷினில் மாட்டும் துளையாணி) வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்). சிறிது தூரம் போனதும் பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக்கோ ஜிப்சம் பலகையோ இருக்கிறது. இந்த ஒரு துளை சொல்வதைக் கேட்டுவிட்டுக் கருவி வாங்கினால் பாதிப் பிழைகள் நடக்காது.

தரையில் நிற்கும் கேபினட்டுக்கும் தொங்கும் கேபினட்டுக்கும் கருவிகள் மாறுமா?

நிறையவே மாறும். தரையில் நிற்பதில் எடை முழுவதும் கால்கள் வழியாக இறங்கிவிடும். சுவர் ஸ்க்ரூவின் வேலை கேபினட் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. அதற்கு ஒரு சாதாரண ஹேமர் ட்ரில்லும் இரண்டு மூன்று 8 மி.மீ. பிளக்கும் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) போதும்.

தொங்கும் கேபினட்டின் கதை வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் 20 மி.மீ. கனமும் உள்ள கிரானைட் பலகை மட்டும் ஏறக்குறைய 24 கிலோ. பீங்கான் பேசின் 10 முதல் 15 கிலோ. கேபினட்டின் சொந்த எடை, உள்ளே வைக்கும் பொருட்கள், பேசினில் நிற்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 70 கிலோவைத் தாண்டுவது சுலபம். போதாததற்கு, யாராவது இரு கைகளையும் விளிம்பில் ஊன்றிக் குனிந்தால் அந்தப் பாரம் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி விழுகிறது. அது மேல் ஸ்க்ரூக்களைச் சுவரை விட்டு வெளியே இழுக்கும் விசை. இந்த வகைக்கு 10 மி.மீ. பிளக், தடித்த ஸ்க்ரூ, அதற்கேற்ற துளைக்கும் மெஷின், துல்லியமான மட்டம் ஆகிய எல்லாமே வேண்டும். எதிலும் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இது.

எந்தத் துளைக்கும் மெஷின் வேண்டும்?

செங்கல் சுவர் என்றால் சாதாரண ஹேமர் ட்ரில் போதும். கான்கிரீட் என்றால் எஸ்.டி.எஸ். பிளஸ் பிட் (அடிப்பகுதியில் காடி வெட்டிய, செருகினாலே பூட்டிக்கொள்ளும் பிட்) மாட்டும் ரோட்டரி ஹேமர் வேண்டும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே நடப்பது வேறு. ஹேமர் ட்ரில்லில் இரண்டு பல்சக்கரங்கள் உரசிப் படபடவென்று சின்னச் சின்ன அதிர்வு தருகின்றன. நீங்கள் அழுத்தினால்தான் வேலை நடக்கும். ரோட்டரி ஹேமரில் காற்றழுத்தத்தால் ஒரு பிஸ்டன் பிட்டின் பின்புறத்தை அடிக்கிறது. கை அழுத்தம் அதிகம் வேண்டாம். கான்கிரீட்டில் ஹேமர் ட்ரில்லை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தால் பிட் சூடேறி முனை மழுங்கும், துளையும் அகன்றுவிடும். அகன்ற துளையில் பிளக் பிடிக்காது.

ஸ்க்ரூ முடுக்க, பலகையில் துளைக்க, கீல்களை மாட்ட 12 வோல்ட் பேட்டரி ட்ரில் ஒன்று தனியாக இருந்தால் நல்லது. கேபினட்டுக்குள் கையை நுழைத்து வேலை செய்யும்போது சிறிய மெஷின்தான் கைகொடுக்கும். வாங்கும்போது கிளட்ச் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ உட்கார்ந்ததும் டக்கென்று விடுபடுவது அந்த வளையத்தால்தான்.

இம்பாக்ட் டிரைவர் இருக்கிறது, அதையே பயன்படுத்தலாமா?

ஸ்க்ரூவைத் தட்டித் தட்டி விசையோடு முடுக்கும் மெஷின் அது. சுவரில் நீள ஸ்க்ரூ ஏற்றலாம். கேபினட் பலகைகளில் வேண்டாம். மரத்தூளையும் மரநாரையும் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டிலும் எம்.டி.எஃப்.பிலும் அது ஒரு நொடி அதிகமாகச் சுற்றினாலே மரைப்பிடிப்பு அரைந்து போய், ஸ்க்ரூ காலியாகச் சுற்றத் தொடங்கும்.

டைல்ஸ் உடையாமல் துளைக்க எந்த பிட்?

சுவர் டைல்ஸ் இரண்டு வகை. சாதாரண பீங்கான் (செராமிக்) டைல்ஸில் மேலே கண்ணாடிப் பூச்சு மட்டும்தான் கடினம், உள்ளே மண் மிருதுவானது. இதற்கு ஈட்டி முனை கொண்ட கார்பைடு பிட் போதும். விட்ரிஃபைட், போர்சலின் டைல்ஸ் முழுக் கனத்துக்கும் கடினமானவை. அவற்றில் ஈட்டி முனை பிட் ஓரிரு துளைகளிலேயே மழுங்கிவிடும். உள்ளீடற்ற டயமண்ட் பிட்தான் வேண்டும். மிச்சம் கிடக்கும் டைல்ஸ் துண்டின் உடைந்த விளிம்பைப் பார்த்தால் வகை தெரிந்துவிடும். உள்ளே செம்மண் நிறத்திலோ வெள்ளையாகவோ, தண்ணீர் விட்டால் உறிஞ்சும்படி இருந்தால் பீங்கான். இறுக்கமாக, கல்போல இருந்து தண்ணீர் உறிஞ்சாவிட்டால் போர்சலின்.

துளைக்கும் முறை இப்படி:

1. குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன்மேல் புள்ளி வையுங்கள். பிட் வழுக்காது.
2. மெஷினில் ஹேமர் நிலையை அணைத்துவிடுங்கள். டைல்ஸ் உடைவதற்கு முதல் காரணம் இதை மறப்பதுதான்.
3. ஈட்டி முனை என்றால் நேராக வைத்து, நிமிடத்துக்கு 400 முதல் 800 சுற்று என்ற மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். டயமண்ட் பிட் என்றால் முதலில் சாய்த்துப் பிடித்து, பிறை வடிவில் ஒரு தடம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். நடுவில் முனை இல்லாத பிட் அது, நேராக வைத்தால் ஓடிவிடும்.
4. டயமண்ட் பிட்டுக்குத் தண்ணீர் கட்டாயம். ஈரப் பஞ்சைத் துளைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, அவ்வப்போது ஸ்பிரே பாட்டிலால் தெளியுங்கள். பேட்டரி மெஷினை மட்டும் இதற்குப் பயன்படுத்துங்கள்.
5. டைல்ஸ் முடிந்து பூச்சு வந்ததும் நிறுத்தி, சுவருக்கான பிட்டை மாட்டி, அதன் பிறகே ஹேமரைப் போடுங்கள். ஏ.ஏ.சி., ஜிப்சம் சுவர்களில் அப்போதும் ஹேமர் வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். 8 மி.மீ. பிளக் போடுவதாக இருந்தால் டைல்ஸில் மட்டும் 10 மி.மீ. துளை போடுங்கள். அப்போது சுவர் பிட் அதிரும்போது டைல்ஸ் விளிம்பில் இடிக்காது. கூடுதல் 2 மி.மீ. கேபினட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

டைல்ஸ் ஓரத்திலிருந்து குறைந்தது 2 செ.மீ. தள்ளியே துளையுங்கள். இரண்டு டைல்ஸுக்கு நடுவே உள்ள கோட்டில் துளைத்தால் பாதுகாப்பு என்று சொல்வார்கள். அந்தக் கோடு 2 மி.மீ. அகலம், பிட் 8 மி.மீ. இரண்டு டைல்ஸின் ஓரமும் சேர்ந்து பிசிறடிக்கும்.

பிளக், ஸ்க்ரூ அளவை எப்படி முடிவு செய்வது?

கேபினட்டோடு வரும் பிளக்கும் ஸ்க்ரூவும் பெரும்பாலும் வெறும் செங்கல் சுவரை நினைத்துக் கொடுக்கப்பட்டவை. உங்கள் சுவரில் டைல்ஸும் பூச்சும் இருக்கிறது. அந்த இரண்டும் எடையைத் தாங்காது. பிளக் முழுவதும் அவற்றைத் தாண்டிச் சுவருக்குள் இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: கேபினட்டின் பின்சட்டம் 18 மி.மீ., டைல்ஸ் 10 மி.மீ., அதன் பின்னே பூச்சும் பசையும் 15 மி.மீ., பிளக் 50 மி.மீ. கூட்டினால் 93. ஸ்க்ரூவின் முனை பிளக்கைத் தாண்டி 5, 6 மி.மீ. வெளியே போனால்தான் பிளக் முழுதாக விரியும். ஆகவே 100 மி.மீ. ஸ்க்ரூ. துளையின் ஆழம் டைல்ஸ் முகத்திலிருந்து 10, 15, 50, கூடவே தூள் தங்க 10, ஆக 85 மி.மீ. பிட்டில் அந்த அளவில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் அளந்து அளந்து பார்க்க வேண்டாம். எஸ்.டி.எஸ். பிட் வாங்கும்போது மொத்த நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், 160 மி.மீ. என்று எழுதியிருக்கும் பிட்டில் துளைக்கும் பகுதி சுமார் 100 மி.மீ.தான்.

8 மி.மீ. பிளக்குக்கு 5 அல்லது 6 மி.மீ. ஸ்க்ரூ, 10 மி.மீ. பிளக்குக்கு 6 முதல் 8 மி.மீ. ஸ்க்ரூ பொருந்தும். பிளக்கின் மேலேயே இந்த எண்கள் பெரும்பாலும் அச்சாகியிருக்கும்.

பிளக்கை டைல்ஸ் மட்டத்தோடு விட்டுவிட்டு ஸ்க்ரூவை முடுக்கினால், அது டைல்ஸுக்குள்ளேயே விரிந்து பிளந்துவிடும். முடுக்கிய அன்று தெரியாது. சில நாளில் துளையிலிருந்து ஒரு முடிக்கோடு ஓடியிருக்கும். ஸ்க்ரூவை இரண்டு சுற்று மட்டும் பிளக்கில் ஏற்றி, அதன் தலையில் மெல்லத் தட்டி, பிளக்கை டைல்ஸையும் பூச்சையும் தாண்டி உள்ளே தள்ளுங்கள். பிறகு ஸ்க்ரூவைக் கழற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் துளைக்குள் இருக்கும் தூளை ஊதியோ உறிஞ்சியோ எடுத்துவிடுங்கள். தூள் இருக்கும் துளையில் பிளக் சுற்றும்.

குளியலறை என்பதால் ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். தலைக்கு அடியில் அகலமான வாஷர் போட்டால் பார்ட்டிகிள் போர்டுக்குள் தலை புதைந்து போகாது.

ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி., ஜிப்சம் சுவர்களுக்கு?

ஏ.ஏ.சி. பிளாக்கில் எந்த ஆழத்திலும் ஹேமர் வேண்டாம்; சுற்றிக்கொண்டு போனாலே துளை விழும். அதற்கென்றே அகன்ற இறக்கைகளோடு வரும் பிளக்குகள் இருக்கின்றன. சாதாரண பிளக் உள்ளே விரிந்ததும் சுற்றியுள்ள பிளாக் நொறுங்கித் தளர்ந்துவிடும்.

ஹாலோ பிளாக்கில் வலைக்குழாயோடு சேர்த்துச் செலுத்தும் கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் இறுகி ஆணியைப் பிடிக்கும் பசை) நம்பகமானது. அதன் பசையை இறுகும் நேரம் வரை தொடாமல் விடப் பொறுமை வேண்டும். நேரம் குப்பியில் எழுதியிருக்கும், குளிர்ந்தால் கூடும்.

ஜிப்சம் பலகையில் தொங்கும் கேபினட்டைப் பலகையை மட்டும் நம்பி மாட்டவே கூடாது. உள்ளே நிற்கும் சட்டங்களைக் கண்டுபிடித்து அவற்றில் ஸ்க்ரூ ஏற்ற வேண்டும். சட்டம் சரியான இடத்தில் இல்லையென்றால், பலகையை வெட்டித் திறந்து, இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு குறுக்குக் கட்டையை வைத்து மூடுவதே ஒரே நேர்மையான வழி. அது முடியாவிட்டால் தரையில் நிற்கும் கேபினட்டுக்கு மாறிவிடுங்கள்.

சுவருக்குள் ஓடும் குழாயும் வயரும் எங்கே என்று எப்படித் தெரியும்?

உலோகமும் மின்சாரமும் காட்டும் டிடெக்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பிளாஸ்டிக் குழாயைப் பெரும்பாலான மலிவு டிடெக்டர்கள் காட்டாது, ஈரமான சுவரும் அவற்றைக் குழப்பும். ஆங்கிள் காக் (பேசினுக்கு வரும் தண்ணீரை மூடித் திறக்கும் சுவர்க் குழாய்), கலவைக் குழாய், சுவிட்ச் பெட்டி ஆகியவற்றுக்கு நேர் மேலும் நேர் கீழும் நேர் பக்கவாட்டிலும் குழாயோ வயரோ ஓடுகிறது என்றே வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டிலிருந்து இரு பக்கமும் ஒரு சாண் தள்ளித் துளையுங்கள். வீடு கட்டியபோது பூச்சுக்கு முன் எடுத்த புகைப்படம் இருந்தால் அதுவே எல்லாக் கருவியையும் விட மேல்.

ரசமட்டம் போதுமா, லேசர் வேண்டுமா?

60 செ.மீ. ரசமட்டம் போதும். ஒரே ஒரு கேபினட்டுக்கு லேசர் ஆடம்பரம். கண்ணாடி, அலமாரி, விளக்கு எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைக்கப் போகிறீர்கள் என்றால் லேசர் நேரம் மிச்சப்படுத்தும்.

எந்த ரசமட்டமானாலும் முதலில் அதையே சோதியுங்கள். ஒரு மேடையில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள். அதே இடத்தில் இடமும் வலமும் மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி அதே பக்கத்தில், அதே அளவு தள்ளி நின்றால் மேடைதான் சாய்வு, கருவி சரி. வேறு பக்கம் போனால் கருவியில் பிழை. கீழே விழுந்த ரசமட்டம் வெளியே அடிபடாததுபோல் தெரிந்தாலும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

குளியலறைத் தரை தண்ணீர் ஓடுவதற்காகவே சாய்வாகப் போடப்பட்டது. மீட்டருக்கு 1 செ.மீ.க்கு மேல் இறங்குவது சாதாரணம். ஆகவே உயரத்தைத் தரையிலிருந்து இரண்டு மூலையிலும் தனித்தனியாக அளந்து கோடு போட்டால், கோடும் தரையோடு சேர்ந்தே சாயும். கேபினட் நிற்கும் பரப்பில் தரை எங்கே மிக உயரமோ அங்கே மட்டும் அளந்து ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து ரசமட்டத்தால் கோட்டை நீட்டுங்கள். மற்ற மூலைகளில் வரும் இடைவெளியைக் கால் திருகாலோ பிளாஸ்டிக் ஆப்பாலோ நிரப்பலாம். மர ஆப்பு ஈரத்தில் ஊறி, பிறகு சுருங்கி, கேபினட்டை ஆட வைக்கும்.

உயரம் என்று சொல்லும்போது பேசினின் மேல்விளிம்பைச் சொல்கிறோம். அது தரையிலிருந்து 80 முதல் 85 செ.மீ. இருந்தால் பெரும்பாலோருக்கு வசதி. மேடைமேல் கிண்ணம்போல் உட்காரும் பேசின் என்றால் அதன் உயரத்தைக் கழித்துவிட்டுக் கேபினட்டின் உயரத்தைக் குறியுங்கள். 14 செ.மீ. பேசினை 80 செ.மீ. கேபினட்டின் மேல் வைத்தால் முழங்கை வழியே தண்ணீர் ஒழுகும்.

பின்பலகையில் குழாய்களுக்கு ஓட்டை போட எது நல்லது?

ஹோல் சா. வட்டமான பல் விளிம்பும் நடுவில் ஒரு வழிகாட்டி பிட்டும் கொண்டது. குழாயின் வெளிவிட்டத்தைவிட 6 முதல் 10 மி.மீ. பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். 32 மி.மீ. என்று பெயர் உள்ள வேஸ்ட் குழாய் வெளியே அளந்தால் அதைவிடத் தடிமனாக இருக்கலாம், அதனால் பெயரை நம்பாமல் டேப்பால் அளந்து பாருங்கள்.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. ஆங்கிள் காக் சுவரில் ஏற்கனவே இருந்தால், ஓட்டை அதன் குழாய் அளவுக்கு இருந்தால் போதாது. கைப்பிடியும் கீழ்நோக்கிய வாயும் நுழையும் அளவு வேண்டும். அவ்வளவு பெரிய ஓட்டை வேண்டாம் என்றால், மெயின் வால்வை மூடி, காக்கைக் கழற்றி, கேபினட்டை வைத்த பிறகு திரும்ப மாட்டுங்கள். அப்போது அதன் பின்னே உள்ள வட்டத் தட்டு ஓட்டையை மறைத்து அழகாகவும் இருக்கும்.

இடத்தைக் குறிக்க: கேபினட்டின் நடுக்கோட்டைச் சுவரில் செங்குத்தாக வரையுங்கள். ஒவ்வொரு குழாயின் மையமும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம், கேபினட்டின் அடிமட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற இரண்டு எண்களை எழுதிக்கொண்டு பின்பலகைக்கு மாற்றுங்கள். பின்பலகையின் வெளிப்பக்கத்தில் குறிக்கிறீர்கள் என்றால் இடமும் வலமும் மாறும். இந்தப் பிழையால் இரண்டு தேவையற்ற ஓட்டைகளோடு நிற்கும் கேபினட்டுகள் நிறைய. சந்தேகம் இருந்தால் ஓர் அட்டையைச் சுவரில் வைத்து ஓட்டைகளை வெட்டி, அதையே அச்சாகப் பயன்படுத்துங்கள்.

துளைக்கும்போது வழிகாட்டி பிட் மறுபக்கம் எட்டிப்பார்த்ததும் நிறுத்தி, அந்தப் பக்கத்திலிருந்து மீதியை வெட்டுங்கள். லேமினேட் சிலாம்பாகப் பெயராது. வெட்டிய விளிம்பை அப்படியே விடாதீர்கள். வார்னிஷோ சிலிக்கானோ தடவி மூடுங்கள். பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் வீங்கத் தொடங்குவது பெரும்பாலும் மூடாமல் விட்ட விளிம்பிலிருந்துதான்.

ஜிக்சா (வளைவாக வெட்டும் மின்ரம்பம்) தேவையா?

பேசினுக்கு மரப்பலகையில் வாய் வெட்டவோ, உள்தட்டில் டிராப்புக்கு (பேசினுக்கு அடியில் தண்ணீர் தங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாய்) இடம் விடவோ வேண்டுமென்றால் மட்டும். நுண்பல் கொண்ட, கீழ்நோக்கி வெட்டும் பிளேடைப் போடுங்கள். வெட்டும் கோட்டின்மேல் டேப் ஒட்டுங்கள். கிரானைட்டில் வாய் வெட்டுவதைக் கல் வெட்டுபவரிடமே விட்டுவிடலாம்.

சுவர் வளைந்திருந்தால் கேபினட் ஒட்டி உட்காராதே, அதற்கு என்ன கருவி?

ஒரு சாதாரண கவராயமும் சிறிய இழைப்புளியும். கேபினட்டை மட்டமாக நிறுத்தி, சுவரோடு எவ்வளவு நெருங்குமோ அவ்வளவு நெருக்கி, மிக அகலமான இடைவெளி அளவுக்குக் கவராயத்தை விரியுங்கள். முள்முனை சுவரை ஒட்டியும் பென்சில் பக்கவாட்டுப் பலகையின் மேலும் வருமாறு மேலிருந்து கீழே இழுத்தால், சுவரின் வளைவு அப்படியே பலகையில் விழும். அந்தக் கோடு வரை இழைத்தெடுங்கள். இடைவெளி 3 மி.மீ.க்குள் இருந்தால் இந்த வேலை எதுவும் வேண்டாம், சிலிக்கான் பார்த்துக்கொள்ளும்.

குழாய் இணைப்புகளுக்கு என்னென்ன வேண்டும்?

8 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று, 10 அங்குல வாட்டர் பம்ப் பிளையர் ஒன்று, ஆக்சா பிளேடு, டெஃப்லான் டேப், ஒரு வாளி, பழைய துணி. பைப் ரெஞ்ச்சைக் குரோமியப் பூச்சு உள்ள எதிலும் வைக்காதீர்கள், பல்லின் தடம் ஆயுள் முழுக்க இருக்கும். வேறு வழி இல்லையென்றால் துணி சுற்றிப் பிடியுங்கள்.

பேசினின் அடியில் குழாயை இறுக்கும் நட்டுக்குப் பேசின் ரெஞ்ச் என்ற நீளக் கம்பிக் கருவி உண்டு. கேபினட்டுக்குள் மல்லாந்து படுத்து, முகத்தில் தூசி விழ வேலை செய்யும்போதுதான் அது தேவைப்படும். அதைத் தவிர்க்கலாம்: பேசினை மேடையில் ஒட்டும் முன்பே, கீழே ஒரு போர்வையில் கவிழ்த்து வைத்துக் குழாயையும் இணைப்பு ஹோஸ்களையும் வேஸ்ட் கப்ளிங்கையும் (பேசினின் வடிகால் துளையில் மாட்டும் இணைப்பு) மாட்டிவிடுங்கள். மேடைக்கல்லில் துளையிட்டு மாட்டும் குழாய் என்றால் கல்லைக் கேபினட்டில் ஏற்றும் முன் இதைச் செய்யுங்கள். ஏற்கனவே பொருத்தியிருக்கும் பழைய குழாயைக் கழற்றத்தான் பேசின் ரெஞ்ச் நிஜமாகவே வேண்டும்.

டெஃப்லான் டேப் சுவரில் ஏறும் ஆங்கிள் காக்கின் மரைக்கு. மரையின் நுனி உங்களைப் பார்க்குமாறு பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில், இழுத்துப் பிடித்தபடி சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் உருண்டு வெளியே வந்துவிடும். இணைப்பு ஹோஸின் நட்டுக்கு டேப் வேண்டாம். அதற்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது, தண்ணீரைத் தடுப்பது அதுதான். கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுங்கள். பிளாஸ்டிக் டிராப்பின் நட்டுகளைக் கையால் மட்டுமே இறுக்குங்கள். ஒழுகினால் அநேகமாக வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கும். மேலும் இறுக்கினால் நட்டுதான் பிளக்கும்.

வேஸ்ட் குழாயை ஆக்சா பிளேடால் அறுத்த பிறகு உள்ளும் வெளியும் பிசிறைக் கத்தியால் சீவிவிடுங்கள். உள்ளே நிற்கும் பிசிறில்தான் முடி சிக்கி அடைப்பு தொடங்கும்.

தொங்கும் கேபினட்டை மாட்டும்போது யார் தாங்குவது?

ஒரு மரச்சட்டம் தாங்கட்டும். கேபினட்டின் அடிக்கோட்டு உயரத்துக்குச் சரியாக வெட்டிய இரண்டு முட்டுக்கட்டைகளை நிறுத்தி, குறுக்கே ஒரு சட்டத்தை வைத்து, அதன்மேல் கேபினட்டை ஏற்றுங்கள். கைகள் விடுதலையாகும், மட்டம் பார்த்து முடுக்கலாம். கதவுகளையும் இழுப்பறைகளையும் முன்பே கழற்றிவிடுங்கள், எடை நன்றாகக் குறையும். ஒருவர் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள வேண்டும். தனியாக இந்த வேலையில் இறங்காதீர்கள்.

முதலில் மேல் ஸ்க்ரூக்களை முக்கால்வாசி ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, பிறகு எல்லாவற்றையும் இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், சுவரின் மேடு பள்ளத்தில் கேபினட் முறுக்கிக்கொண்டு கதவு ஒன்றோடொன்று இடிக்கும்.

எந்த சிலிக்கான், அதைப் பூச என்ன வேண்டும்?

பூஞ்சை எதிர்ப்புள்ள சானிட்டரி சிலிக்கான். மேடை பளிங்கு போன்ற இயற்கைக் கல்லாக இருந்தால் நியூட்ரல் வகையை வாங்குங்கள். புளிப்பு வாடை வரும் அசிட்டிக் வகை பளிங்கை அரித்துக் கறையாக்கும்.

கருவி என்று பார்த்தால் ஒரு சிலிக்கான் கன், ஒரு கத்தி, மாஸ்கிங் டேப். விசையை விட்டதும் கம்பி தானாகத் தளரும் கன்னாகப் பாருங்கள், இல்லாவிட்டால் நிறுத்திய பிறகும் சிலிக்கான் வழிந்துகொண்டே இருக்கும். இடம் எண்ணெயும் ஈரமும் இல்லாமல் இருக்க வேண்டும். இருபுறமும் டேப் ஒட்டி, நடுவில் பூசி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பாக இழுத்து, சிலிக்கான் தோல் கட்டுவதற்கு முன் டேப்பை உரித்துவிடுங்கள். ஒரு நாள் தண்ணீர் படாமல் இருக்கட்டும்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

அளவு டேப், ரசமட்டம், ஸ்பேனர், பிளையர், சிலிக்கான் கன், 12 வோல்ட் ட்ரில் ஆகியவை வீட்டில் ஆண்டு முழுவதும் பயன்படும், வாங்குங்கள். ரோட்டரி ஹேமர், லேசர், ஜிக்சா மூன்றையும் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தால் போதும். பிட்டுகளை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். வாடகை மெஷினோடு வரும் பிட் பலர் கையில் தேய்ந்தது, டைல்ஸ் உடைவதில் அதற்கும் பங்கு உண்டு. டயமண்ட் பிட்டில் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்கு?

கண்ணாடி கட்டாயம், டைல்ஸ் சில்லு கண்ணாடித் துண்டுக்குச் சமம். கான்கிரீட் தூளுக்கு முகக்கவசம். ஈரத்தரையில் நின்று வயர் உள்ள மெஷினை ஓட்டுவதானால் அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் (ஆர்.சி.சி.பி.) இருக்க வேண்டும். சுழலும் மெஷினைத் துணிக் கையுறையோடு பிடிக்காதீர்கள், நூல் சுற்றிக் கையை இழுக்கும்.

வேலை முடிந்ததும் எதைக் கொண்டு சரிபார்ப்பது?

ஒரு டார்ச், சில டிஷ்யூ காகிதங்கள். ஆங்கிள் காக்கை மெதுவாகத் திறந்து, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் புள்ளியாகத் தெரியும். அடுத்து, பேசினை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். குழாயிலிருந்து மெதுவாக ஓடும்போது ஒழுகாத டிராப் இந்த வேகத்தில் ஒழுகலாம். கேபினட்டின் அடித்தட்டில் ஒரு செய்தித்தாளை விரித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தாளில் ஈரவட்டம் இருந்தால், அதற்கு நேர் மேலே பார்ப்பதோடு நிற்காமல், ஹோஸைத் தொட்டுக்கொண்டே மேலே போங்கள். தண்ணீர் மேல் நட்டில் கசிந்து, ஹோஸ் வழியாக இறங்கி, கீழ் வளைவில் சொட்டுவதுதான் வழக்கம்.